தளர்வு கணக்கில் சேர்க்கப்படவில்லை

எங்கள் தெருவில் யாருக்கு முதுகு பிடித்தாலும் ஸ்கேன் படம் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். பெரிய உறையிலிருந்து கறுப்புப் படத்தை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இன்னா போட்டிருக்குதுன்னு பாத்து சொல்லும்மா" என்பார்கள். எனக்குப் பார்க்கத் தெரியாது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். "இத்தினி வருசமா மெட்ராசுல இதத்தான படிக்கிற" என்று மடக்குவார்கள். படிப்புத் திமிரில் சொல்ல மறுக்கிறேன் என்று ஊருக்குள் பேச்சு. சரி, ஏதாவது சொல்லி அனுப்பலாம் என்றால் நாளைக்கு அவர்கள் இடுப்புக்கு நான் பதில் சொல்ல வேண்டிவரும்.

நான் படிப்பதற்கும் ஸ்கேன் இயந்திரத்துக்கும் உறவு உண்டு. பத்திரிகை வைக்காமல் விட்டாலும் கோபித்துக்கொள்ளாத அளவுக்குத் தூரத்து உறவு. நம் உடம்பில் இருக்கும் தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. அதன் அணுக்கரு ஒவ்வொன்றும் மிகச் சிறிய ஒரு காந்தம். அப்படி ஆக்குகிற குணத்துக்கு ஸ்பின் என்று பெயர். பெரிய காந்தம் ஒன்றுக்குள் வைத்தால் இந்தக் குட்டிக் காந்தங்களில் கொஞ்சம் அதன் பக்கம் திரும்பி நிற்கும். வானொலி அலையால் ஒரு தட்டு தட்டினால் சாய்ந்து, சாய்ந்தபடியே சுற்றும். அந்தச் சுற்றலைக் கேட்டுப் படமாக்குவது ஸ்கேன். ஒன்றோடொன்று ஒட்டியும் உரசியும் கிடக்கும் இந்தக் காந்தங்களை அடுத்தடுத்து விதவிதமாகத் தட்டினால், எந்தக் கணத்தில் எது எப்படி நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. தாளிலும் மடிக்கணினியிலும் மட்டும்தான். எங்கள் நிறுவனத்தின் கீழ்த்தளத்தில் பெரிய காந்தம் ஒன்று நிற்கிறது. ஆராய்ச்சிக்கு வந்த இத்தனை வருடத்தில் நான் அதைத் தொட்டதில்லை. பக்கத்தில் போனால் கைக்கடிகாரம் கெட்டுவிடும் என்று போகவே மாட்டேன்.

கணக்குப் போடும் முறைகளிலும் சண்டை உண்டு. ஒன்று சராசரி முறை. தட்டல்களின் ஒரு சுற்று முடியும் இடத்தில் மட்டும் எட்டிப் பார்ப்பது. நடுவில் என்ன கூத்து நடந்தது என்று கேட்பதில்லை. இன்னொரு முறை அந்தக் கூத்தையும் விடாமல் எழுதும். அதற்கு முடிவே இல்லாத ஓர் அணியை, எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிய மேட்ரிக்ஸை, எழுதிவைத்துக்கொண்டு நமக்கு வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுக்கவேண்டும். எங்கே வெட்டுவது என்பதற்கு ஆளுக்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். எந்த முறை எப்போது கைகொடுக்கும், எப்போது காலை வாரும் என்பதுதான் என் ஆய்வேடு. இதில் இன்னொரு வேடிக்கை, சுற்றுகிற காந்தத்தோடு நாமும் சுற்றிக்கொண்டே கணக்குப் போடுவது வழக்கம். ஒரு கட்டுரைக்காரர் வலமாகச் சுற்றுவார், அடுத்தவர் இடமாகச் சுற்றுவார், எங்கள் நெறியாளர் அவருடைய மனநிலையைப் பொறுத்துச் சுற்றுவார். கூட்டல் குறி கழித்தல் குறியாவதும் மறுபடி கூட்டலாவதுமாக என் மூன்றாம் அத்தியாயம் படாத பாடு பட்டது.

சொல்லவந்தது அதையல்ல. தட்டிச் சாய்த்த காந்தம் அப்படியே கிடக்காது. சுற்றியுள்ள மூலக்கூறுகள் உருண்டு புரண்டு இடித்துக்கொண்டிருப்பதில் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதற்குத் தளர்வு என்று பெயர். என் கணக்கில் வரும் தட்டல்கள் எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். திரும்புவதற்கு அதைவிட மிக அதிக நேரமாகும். ஆகவே ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் ஒரு வரி எழுதிவிடுவேன்: இங்கே தளர்வு கணக்கில் சேர்க்கப்படவில்லை. துறையில் பெரும்பாலோர் எழுதும் வரிதான். இந்த ஒரு வரியால் எங்கள் நைனாவின் காலுக்கே ஆபத்து வரும் என்று யார் நினைத்தார்கள்?

நைனா, அதாவது அப்பா, கமிட்டியில் மூட்டை தூக்குபவர். கமிட்டி என்றால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். எங்கள் ஊர் செஞ்சியில் அந்த நீளப் பெயர் பலகையில் மட்டும்தான் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் அவலூர்பேட்டைப் பக்கமிருந்தும் இன்னும் எங்கிருந்தெல்லாமோ நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் வண்டி வண்டியாக வந்து நிற்கும். அங்கே தூக்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூட்டை முதுகில் ஏறுவதற்கு முன்னால் "எறக்கற எடம் எது?" என்று கேட்டுவிடுவார்கள். எந்த மூலை, எந்த அடுக்கு, வழியில் யாராவது வெறுஞ்சாக்கைப் போட்டுவைத்திருக்கிறார்களா, எல்லாம் தெரிந்த பிறகுதான் குனிவார்கள். பாரம் ஏறிய பிறகு நின்று விசாரிக்க முடியாது. நைனா இந்தக் கேள்வியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அம்மா தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சொன்னாலும் கேட்பார். கல்யாண வீட்டில் சாம்பார் வாளியைக் கையில் கொடுத்தாலும் கேட்பார். கொடுத்தவர் ஒரு மாதிரி பார்ப்பார், எனக்கு மானம் போகும்.

விடுதியில் தங்கும் காலம் முடிந்துபோனதால் மீதி ஆய்வேட்டை வீட்டிலிருந்தே எழுதுவது என்று மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினேன். நைனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். பஜாரில் டீக்கடைக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"யோவ், செருப்ப உட்டுட்டு போற."

திரும்பிப் பார்த்தால் நைனாவின் இடது செருப்பு நடுத்தெருவில் கிடந்தது. அவர் வெறுங்காலோடு நடந்துவந்திருக்கிறார், வெயிலில் கொதிக்கும் தார் ரோட்டில். தன் பாதத்தை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய்ச் செருப்பை எடுத்துவந்தேன்.

திண்டிவனத்தில் எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். முதுகு நெடுநாளாக வலிப்பதாக நைனா அங்கேதான் சொன்னார். டாக்டர் அவரைக் குதிகாலில் நடக்கச் சொன்னார். இடது கால் நடக்கவில்லை. "இடுப்புல நரம்பு அழுந்துது. எம்.ஆர்.ஐ. பார்க்காம நான் கத்தி வைக்கமாட்டேன். தள்ளிப் போட்டீங்கன்னா பாதம் தொங்கிடும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல" என்றார். அவர் மேசையில் பேப்பர் வெயிட்டுகூட ஒரு முதுகெலும்பு பொம்மை. நைனா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது. அந்தக் குழாய்க்குள் படுக்கமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். அவர் சந்தேகம் கேட்டார்.

"உள்ள போனா இன்னா பண்ணுவாங்க?"

"உன் உடம்புல இருக்குற தண்ணி இருக்குதில்ல, அதுல சின்னச் சின்னதா காந்தம் மாதிரி இருக்குது நைனா. அத ஒரு தட்டு தட்டி சாய்ப்பாங்க. அது சுத்தும். அத கேட்டு படம் எடுப்பாங்க."

"எத்தினி காந்தம்?"

"கணக்கே கெடையாது. கோடி கோடியா."

அவர் யோசித்தார். "சாய்க்கறது மிசினு. திரும்ப நிமித்தறது யாரு?"

"யாரும் நிமித்த வேணாம். தானா நிமிந்துக்கும்."

"தானா எறங்கற மூட்டைய நான் பாத்ததில்லம்மா."

தலையில் அடித்துக்கொண்டேன். இது மூட்டை இல்லை என்றேன். சரி என்றார். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து, எல்லாம் நிமிர்ந்ததா இல்லையா என்று எண்ணிப் பார்க்க ஆள் உண்டா என்று கேட்டார். சாப்பிடும்போது, பாதி நிமிர்ந்து பாதி நிமிராமல் போனால் ஆள் கோணலாக நடப்பானா என்று கேட்டார். நான் கோபத்தில் தட்டோடு எழுந்துபோனேன். அம்மா தன் பங்குக்கு, என் படிப்பின் பெயரில் அணு என்று வருகிறதே, அது கல்பாக்கத்து அணுவா வேறு அணுவா என்று ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஸ்கேன் படத்தோடு திண்டாடிக்கொண்டு வாசலில் நின்றார். அந்த வாரம் என் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரிகூட நகரவில்லை.

ஒருவழியாக அம்மா அழுது, நான் கத்தி, ஸ்கேனுக்கு நாள் குறித்து வாங்கினோம். அது பௌர்ணமியில் விழுந்தது. திண்டிவனம் ஸ்கேன் சென்டரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இரும்பு ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள் என்று அங்கிருந்த பெண் சொன்னதும், நைனா மஞ்சள் பையிலிருந்து மூட்டைக் கொக்கியை எடுத்து என் மடியில் வைத்தார். ஸ்கேனுக்கு வருகிறவர் எதற்குக் கொக்கியைக் கொண்டுவந்தார் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

அந்த நேரம் பார்த்து நெறியாளர் போன் செய்தார். மூன்றாம் அத்தியாயத்தைப் படித்தாராம். என் எண்கள் ஒரு முறைக்கும் இன்னொரு முறைக்கும் நீண்ட நேரத்தில் ஏன் ஒத்துவரவில்லை என்று கேட்டார். அவ்வளவு நேரத்துக்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோகவே கூடாது, அங்கே தளர்வு வந்துவிடும், நான்தான் அதைச் சேர்க்கவில்லையே, முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேனே என்றேன். அதை ஏன் எல்லா அத்தியாயத்திலும் எழுதுகிறாய், ஒரு தடவை எழுதினால் போதாதா என்றார். அவர் முந்தின மாதம் எல்லா அத்தியாயத்திலும் எழுதச் சொன்னவர். போனை வைத்தபோது எனக்கு மண்டை கொதித்துக்கொண்டிருந்தது.

நைனா பக்கத்தில் இருந்து கேட்டார். "கடைசியா ஒன்னே ஒன்னு சொல்லு. நீ போடற கணக்குல அது திரும்பி வருதா?"

என் கணக்கில். அவர் அப்படித்தான் கேட்டார். ஸ்கேன் இயந்திரத்தில் என்று கேட்கவில்லை, உலகத்தில் என்று கேட்கவில்லை. உடம்பு பதறக் காத்திருக்கும் ஒருவரிடம் உலகத்தில் வேறு எந்தப் பிள்ளையும் "வரும்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கும். கணக்குப் போடுகிற என் வகை ஆட்களுக்கு அது வராது. கேட்ட கேள்விக்கு, கேட்ட எல்லைக்குள், சரியான பதில் சொல்லியே தீரவேண்டும்.

"என் கணக்குல வராது நைனா. நான் அத சேக்கல."

நைனா என் மடியிலிருந்த கொக்கியை எடுத்துப் பைக்குள் போட்டார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். "வா போலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தப் பெண் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே வந்தபோது அவர் ரோட்டைக் கடந்துவிட்டார்.

பௌர்ணமியன்று திண்டிவனத்தில் மாலையில் செஞ்சி பஸ் ஏறியவர்களுக்குத்தான் தெரியும். திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போகிற கூட்டம் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துவிடும். எங்களுக்கு நிற்கத்தான் இடம் கிடைத்தது. நைனா கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலில் மட்டும் நின்றார். யாரோ ஒரு அம்மாள் அவர் இடது பாதத்தின் மேல் தன் பையை இறக்கி வைத்திருந்தாள். அவருக்குத் தெரியவில்லை. நான் பையை நகர்த்தச் சொன்னேன். செஞ்சிக் கோட்டை மலை கண்ணில் படும்வரைக்கும் நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர் மேல், பாதி என் வாய் மேல்.

வீட்டில் அம்மா என்னைத்தான் பிடித்தாள். "இத்தினி படிச்சி இன்னாத்துக்கு? வரும்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்துடுமா?"

"கணக்குல சேக்கலன்னா நடக்காதுன்னு அர்த்தம் இல்லம்மா. அது சின்ன விசயம்னு உட்டுட்டோம். அவ்ளோதான்."

"உங்க நைனா காலு சின்ன விசயமா?"

நைனா உள்ளே படுத்துக்கொண்டே குரல் கொடுத்தார். "அப்ப சேத்துப் போட்டுப் பாரேன்."

வீம்புக்கு உட்கார்ந்தேன். தளர்வைச் சேர்ப்பது என்பது ஊறுகாய்க்கு உப்புச் சேர்ப்பது போல அல்ல. அது இல்லாத கணக்கில் ஓர் அணியை வைத்துக் காலம் தள்ளலாம். அதைச் சேர்த்தால் அந்த அணியில் எத்தனை கட்டங்கள் உண்டோ அத்தனை வரிசை கொண்ட இன்னொரு பூதாகரமான அணி வேண்டும். சுற்றியுள்ள மூலக்கூறுகள் எவ்வளவு வேகத்தில் புரள்கின்றன என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அளந்தவர்கள் சொன்ன எண்ணை வாங்கிக் கையால் செருக வேண்டும். பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மடிக்கணினியின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து போட்டேன். கடைசியில் அழகான ஒரு வளைகோடு வந்தது. கீழே விழுந்து, மெல்ல மேலேறி, பழைய உயரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. சமையலறையிலிருந்த நைனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாரு. இங்க சாஞ்சிது. இங்க திரும்பிடுச்சி."

அவர் கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இழுத்துப் பார்த்தார். "இந்தக் கோட்ட போட்டது யாரு?"

"நான்தான். கம்ப்யூட்டர் போட்டுது."

"நீ திரும்பி வான்னு சொன்ன. அது வந்துது."

திரும்பும் வேகத்தை நான்தான் எண்ணாகச் செருகியிருந்தேன். அது எப்படித் திரும்பாமல் போகும்? ஆய்வேட்டைத் திருத்துகிறவர் கேட்டிருந்தால் இதற்குப் பத்துப் பக்கம் எழுதித் தப்பித்திருப்பேன். இவருக்கு எதை எழுதுவது? மடிக்கணினியைப் படாரென்று மூடினேன்.

கால் காத்திருக்கவில்லை. மாடிப்படி ஏறும்போது இடது பாதம் படியில் இடித்து முன்னால் விழப்போனார். சுவரைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கோபம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது. இந்த மனிதர் ஒரு கேள்வியால் காலை இழக்கப்போகிறார், அந்தக் கேள்விக்கு நான் பாதிப் பதில் சொல்லிவைத்திருக்கிறேன் என்பது ராத்திரியும் பகலும் மண்டைக்குள் ஓடியது.

தூக்க முடியாவிட்டாலும் அவர் கமிட்டிக்குப் போவதை நிறுத்தவில்லை. போய் உட்கார்ந்து மற்றவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். களத்தில் எடை நடந்துகொண்டிருந்தது. மூட்டையை எடைத்தட்டில் வைப்பார்கள், சிவப்பு எண்கள் ஓடி நிற்கும், எழுதுவார்கள், இறக்குவார்கள். அடுத்தவர் மூட்டையோடு தயாராக நின்றாலும், எண் பூஜ்யத்துக்கு வரும்வரை வைக்கவிடமாட்டார்கள். அவசரக்காரன் ஒருவன் வைத்துவிட, நைனா உட்கார்ந்த இடத்திலிருந்தே அதட்டினார். "முட்டைக்கு வரட்டும்டா. அப்பால வையி." அவர்களுக்குப் பூஜ்யம் என்றால் முட்டை.

நான் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தேன். பேசுவதற்கு முன்னால் போனில் ஒரு ஸ்கேன் இயந்திரத்தின் சத்தத்தைத் தேடி எடுத்து அவர் காதில் வைத்தேன். டக் டக் டக் டக் என்று தட்டி, நின்று, மறுபடியும் தட்டியது.

"இதான் அந்த மிசினா?"

"இதான். எத்தினி தடவ தட்டுது பாரு."

"நெறைய தட்டுது."

"ஒரு தட்டுல படம் வராது நைனா. ஒரே எடத்த திரும்பத் திரும்ப தட்டணும். மொதல்ல தட்டுனது முட்டைக்கு வராம ரெண்டாவது தட்டு தட்டுனா இன்னா கெடைக்கும்?"

அவர் எடைத்தட்டைப் பார்த்தார். "தப்பா காட்டும்."

"தப்பாகூட காட்டாது. ஒன்னுமே காட்டாது. சாஞ்சது சாஞ்சபடியே கெடந்தா அப்பால சாய்க்கறதுக்கு இன்னா இருக்குது? மிசினு தட்டிட்டு நிக்குதில்ல, அது காத்திருக்குது. எல்லாம் எறங்கட்டும்னு."

சத்தத்தை இன்னொரு முறை போடச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார்.

இங்கே நான் சொன்னது முழுக்கச் சரியில்லை. கேட்கிற சத்தம்கூடத் தட்டலின் சத்தமல்ல, இயந்திரத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருள்கள் அதிர்கிற சத்தம். இயந்திரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்காது. ஓரிடத்தைத் தட்டிவிட்டு, அது திரும்புவதற்குள் பக்கத்து இடங்களைத் தட்டப் போய்விடும், பிறகு முதல் இடத்துக்கு வரும். காதுக்குக் கேட்கிற இடைவெளி வேறு, ஒவ்வோர் இடத்துக்கும் கிடைக்கிற இடைவெளி வேறு. முழுக்கத் திரும்பும்வரை விடுவதும் இல்லை. பெரும்பகுதி திரும்பினால் போதும் என்று அடுத்த தட்டலைத் தொடங்கிவிடுவார்கள். இதெல்லாம் என் நாக்கு நுனிவரை வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதை அடக்கியது போல ஒரு கஷ்டம் என் ஆராய்ச்சியில் நான் பட்டதில்லை. தூக்கைத் திறந்து சோற்றைப் பிசைந்து அவர் முன்னால் வைத்தேன்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபோது சொன்னார். "பௌர்ணமி இல்லாத நாளா பாத்து வாங்கு. பஸ்ல நிக்க முடியல."

இந்தத் தடவை கொக்கியை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த தாயத்தைக் கழற்றச் சொன்னதற்கு மட்டும் கொஞ்சம் முறுக்கினார். கழற்றி என் கையில் கொடுத்தார். கூட ஒருவர் உள்ளே இருக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னாள், என் காதணி, கடிகாரம், ஊக்கு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பினாள். இத்தனை வருடம் தாளில் போட்டுக்கொண்டிருந்த காந்தத்தின் முன்னால் முதல் தடவையாக நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. ஒரு குழாய், ஒரு பலகை, அதில் எங்கள் நைனா, மேலே ஒரு போர்வை. தலை உள்ளே போனது, மார்பு போனது, கடைசியில் பாதங்கள் மட்டும் வெளியே நின்றன.

தட்டல் தொடங்கியது. போனில் கேட்டதைவிடப் பல மடங்கு பெரிய சத்தம், நெஞ்சுக்கூட்டில் இடித்தது. அவர் அசைந்துவிடக் கூடாதே என்று இருந்தது. நான் கூட இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியட்டும் என்று அவருடைய கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் பிடித்த பிறகுதான் உறைத்தது, நான் பிடித்திருப்பது இடது கால். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அந்த ஓசைக்குள் தனியாகக் கிடந்திருக்கிறார். கையை வலது காலுக்கு மாற்றினேன். விரல்கள் உடனே என் கையைத் திருப்பிப் பிடித்தன. நான் அழுதேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

வெளியே வந்ததும் எழுந்து உட்கார்ந்து, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் எறங்கிடுச்சா?"

"எறங்கிடுச்சி நைனா."

இந்த முறை ஒரே வார்த்தையில் சொன்னேன்.

படத்தைப் பார்த்து டாக்டர் அந்த வாரமே அறுவை சிகிச்சை செய்தார். நன்றாக முடிந்தது என்றார்கள். முதுகு வலி போய்விட்டது. தெருவில் எல்லோரும் வந்து பார்த்து, நான் ஸ்கேனுக்குப் படித்ததால்தான் சரியான நேரத்தில் கண்டுபிடித்தோம் என்று சொல்லிவிட்டு, தங்கள் வீட்டுப் படங்களையும் கையோடு கொண்டுவந்தார்கள். மறுக்கிற தெம்புகூட எனக்குப் போய்விட்டது. இரண்டு படங்களை வாங்கிப் பார்த்து, டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன்.

தையல் பிரித்த பிறகு மறுபடி காட்டப் போனோம். டாக்டர் பஞ்சால் பாதத்தைத் தடவி, தெரிகிறதா என்று கேட்டார். வலது காலில் தெரிந்தது. இடது காலில் தெரியவில்லை. பரவாயில்லை என்று எழுதத் தொடங்கினார். நான் விடவில்லை.

"உணர்ச்சி திரும்பி வருமா டாக்டர்?"

"வரலாம்."

"எப்போ வரும்?"

"அதச் சொல்ல முடியாதும்மா. நரம்ப அழுத்திக்கிட்டிருந்தத எடுத்தாச்சு. என் வேலை அவ்வளவுதான். திரும்பறது நரம்போட பாடு. சிலருக்கு மாசக்கணக்குல ஆகும், சிலருக்கு கொஞ்சம் குறைஞ்சே இருந்துடும்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. இவ்வளவு பெரிய படிப்பு, இவ்வளவு பெரிய விளக்கு, மேசையில் முதுகெலும்பு பொம்மை வேறு. திறந்து மூடத் தெரிந்தவருக்கு, திரும்புமா திரும்பாதா என்று சொல்லத் தெரியாதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் எப்படிக் கத்தி வைத்தீர்கள் என்று கேட்டேவிட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்து என்னைப் பார்த்தார். வெளியே காத்திருந்தவர்கள் திரை இடுக்கில் எட்டிப் பார்த்தார்கள்.

நைனா என் முழங்கையைத் தொட்டார்.

"உடும்மா. அவரு கணக்குல அது சேக்கல போல."

அவர் முகத்தில் கிண்டல் இருந்ததா என்று பார்த்தேன். இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசலில் கழற்றி வைத்திருந்த செருப்புகளிடம் போனார். வலது காலை நுழைத்தார். இடது காலைக் குனிந்து பார்த்து, பார்த்தபடியே செருப்புக்குள் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாட்டிக்கிச்சா பாரு."

"மாட்டிக்கிச்சி நைனா" என்றேன். பஸ் ஸ்டாண்டுவரை அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு அவருக்கு ஓர் அடி பின்னால் நடந்தேன்.